எந்தக் கோவளம்

உட்காருங்கள். யாருக்கும் பிடித்து வைத்த இடம் இல்லை. மகளுக்கு என்று பையை வைத்தேன். அவள் என் பக்கத்தில் உட்காரமாட்டாள்.

தமிழ்தான். மணப்பாறை. நீங்கள்?

மெட்ராஸா. மெட்ராஸ்காரர் கடல் பார்க்க இத்தனை தூரம் வருவானேன், தம்பி. உங்கள் ஊரிலேயே கிடக்கிறதே. ஊருக்குத் தெற்கே ஒரு கோவளம்கூட இருக்கிறது. சிரிக்காதீர்கள். அந்தக் கோவளத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம்.

அதோ, தண்ணீர்ப் பக்கம் நீல பிளாஸ்டிக் நாற்காலி. கறுப்புக் கண்ணாடி. அதுதான் என் சம்சாரம், பூரணம். கண்ணாடி ஸ்டைலுக்குப் போட்டது இல்லை. கண் ஆபரேஷனுக்குக் கொடுத்தது. கடலுக்குப் போகும்போது போட்டுக்கொள்ள வேண்டும் என்று பெட்டியில் சேலைக்கு நடுவே வைத்திருந்தாள். நான் அப்போதே கேட்டேன், "கண்ணு தெரியணும்னு ஆபரேஷன் பண்ணிட்டு, கறுப்புக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு எதைப் பாக்கப் போற?" என்று. இன்றைக்குக் காலையில் மகள் மாட்டிவிட்டாள்.

நான் ஏன் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன் என்கிறீர்களா. மகள் உத்தரவு. "அப்பா, நான் போய் அம்மாவுக்குக் கஞ்சி வாங்கிட்டு வர்றேன். நீங்க அங்க உக்காந்து பாத்துக்குங்க. ஒரு கேள்வியும் கேட்காதீங்க." நான் ஒரே கேள்விதான் கேட்டேன். இதுதானா? அவ்வளவுதான். காலையிலிருந்து கேட்கிறேன். தலையை ஆட்டினால் போதும். ஆட்டமாட்டேன் என்கிறாள்.

பேச முடியாது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் அதோடு போய்விட்டது. காது கேட்கும், எல்லாம் புரியும் என்கிறார் டாக்டர். புரிந்தால் தலையை ஆட்டுவதற்கு என்ன?

நான் இத்தனை பேசுகிற ஆள் இல்லை. அவள் பேச்சு நின்றதிலிருந்து எனக்கு வந்துவிட்டது. வீட்டில் யாராவது ஒருத்தர் பேசத்தானே வேண்டும்.

மாவு மில் வைத்திருந்தேன். சந்தைப்பேட்டைத் தெருவில். மில்லுக்குள் நின்றவன் பேசமாட்டான். மோட்டார் சத்தம், பெல்ட் சத்தம், கல் சத்தம். பேசிப் பிரயோஜனம் இல்லை. கைதான். நான் உள்ளே நிற்பேன். அவள் வாசல் பக்கம் தராசில் நிற்பாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்தால் நைசாக அரைக்க வேண்டும். விரல்களைக் குவித்து உதறினால் கொரகொரப்பு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் பொறு. முஷ்டியை மடக்கி, பூட்டைத் திருகுகிற மாதிரித் திருகினால் மோட்டாரை நிறுத்து. எங்கள் இரண்டு பேருக்கும் அது போதும். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான் ஓடியது.

அந்தக் கடைசிச் சைகையைத்தான் அவள் அடிக்கடி காட்டுவாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் போதும், உடனே முஷ்டியைத் திருகுவாள். மோட்டாரை நினைத்தபோதெல்லாம் நிறுத்துவார்களா? நான் உள்ளங்கையைக் கவிழ்ப்பேன். அப்புறம் வேலை முடிந்து கேட்டால், "ஒண்ணுமில்லைங்க" என்பாள். ஒன்றுமில்லாததற்கு மோட்டாரை நிறுத்தச் சொல்கிற ஆள்.

வீட்டில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். வீட்டில் எனக்குச் சத்தம் ஆகாது. நாள் பூராவும் சத்தத்தில் நின்றுவிட்டு வந்தவன். சோற்றைப் போட்டால் சாப்பிடுவேன். படுத்துவிடுவேன். அவள் ஏதாவது ஆரம்பித்தால், "காலையில பேசிக்கலாம்" என்பேன். காலையில் மில்லு.

ஓமனா என்று ஒரு நர்ஸ் வருவாள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மலையாளி. புட்டு மாவு அரைக்க வருவாள். கொரகொரப்பாக வேண்டும். கொஞ்சம் நைசாகிவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அரைத்து வாங்கிய பிறகும் போகமாட்டாள். தராசுப் பக்கம் மூட்டை மேல் உட்கார்ந்து பூரணத்தோடு பேசிக்கொண்டே இருப்பாள். வாசல் பக்கம் சத்தம் கொஞ்சம் குறைவு. மாவுக்கு வந்த மற்ற பெண்களும் சேர்ந்துகொள்வார்கள். எனக்கு வாய் அசைவது மட்டும் தெரியும். சிரிப்பார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ரிட்டயர் ஆகி ஊருக்குப் போன அன்று வந்து பூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தும் கும்பிட்டாள். நான் பொறு என்று காட்டினேன். மூட்டை முடிந்து பார்த்தபோது போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் பூரணம் கடல் என்று ஆரம்பித்தாள்.

"என்னங்க, கோவளத்துக்கு ஒருக்கப் போயிட்டு வரலாமா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

நீங்கள் படித்தவர். சொல்லுங்கள். சும்மா என்றால் என்ன அர்த்தம்? கடலுக்குச் சும்மா போவார்களா? நாங்கள் கடல் பார்க்காதவர்கள் இல்லை. ராமேஸ்வரம் போயிருக்கிறோம். என் அப்பா காரியத்துக்கு ஒரு தடவை, அம்மா காரியத்துக்கு ஒரு தடவை. அவளும் கூடத்தான் முழுகினாள். ஈரச் சேலையோடு நின்றாள். அதைச் சொன்னேன். "அதான் பாத்தாச்சுல்ல கடலு" என்றேன்.

"அது காரியத்துக்குப் போனதுங்க. சும்மா ஒரு தடவை போகணும். காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். யாருக்கும் எதுவும் செய்யாம."

மில்லில் கல்லைச் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். மேல்கல்லும் கீழ்க்கல்லும் உரசி இரண்டும் தேயும். சும்மா என்பது நல்லது இல்லை. ஏதாவது ஒன்று உள்ளே விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அவளிடமும் இதைச் சொன்னேன். "சரிங்க" என்றாள்.

ஆனால் விடவில்லை. தை மாதம் கேட்டாள். பொங்கல், பச்சரிசிக்கு வரிசை நிற்கிறது. மாசி, பங்குனியில் மிளகாய். சித்திரையில் வடாம் மாவு. ஆடியில் கூழுக்குக் கம்பும் கேழ்வரகும். புரட்டாசியில் மாவிளக்கு. ஐப்பசி தீபாவளி, கேட்கவே வேண்டாம். "மார்கழியில ஒரு விசேஷமும் இல்லியே, சும்மாதான இருப்போம்" என்றாள். கோலமாவை யார் அரைப்பது? அவளே தராசில் நின்று நிறுத்துப் போடுகிறவள், அவளுக்குத் தெரியாதா?

கடைசியில் ஒரு ஆவணியில் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. வைண்டிங் கட்ட திண்டுக்கல்லுக்கு அனுப்பினேன். மில்லு மூடிக் கிடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஒரே அமைதி. எனக்குக் காதில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்பப் போலாமேங்க. கோவளம்."

"சரி" என்றேன்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "நெசமாவா?" என்றாள்.

"ஒரு தடவை சொன்னா புரியாதா?"

அவள் அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது பாடினாள். என் காதிலும் விழுந்தது.

ஒரு காரியத்தை எடுத்தால் நான் சரியாகச் செய்வேன். என் மகள் இளவரசி தாம்பரத்தில் இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். "கோவளத்துல ரூம் போடு. உங்கம்மா கடல் பாக்கணுமாம்." அவளுக்கும் சந்தோஷம். போனிலேயே ரூம் போட்டுவிட்டாள். தாம்பரத்தில் இருப்பவளுக்குக் கோவளம் என்றால் ஒன்றுதான். அவள் எந்தக் கோவளம் என்று கேட்கவில்லை. எனக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. பூரணம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"இளவரசி ரூம் போட்டுட்டா" என்றேன். "அவ எதுக்குங்க? அங்க அவளுக்கு யாரைத் தெரியும்?" என்றாள். "உனக்கு ரொம்பத் தெரியுமோ" என்றேன். "திருச்சிப் பக்கமா ரயிலு? மதுரைப் பக்கம்ல போகணும்?" என்றாள். "உனக்கு வழி தெரியுமா, எனக்கு வழி தெரியுமா?" என்றேன். அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்படியா சொல்லுவது? நேராக, இன்ன ஊர்க் கோவளம், இன்ன ஜில்லா என்று சொல்ல வேண்டாமா?

நாளும் நானே குறித்தேன். கடலை நினைத்த நாளில் தொடக்கூடாது என்று என் அப்பா சொல்வார். அமாவாசைக்குத்தான் தொடலாம். ஆவணி அமாவாசை பக்கத்தில் வந்தது. அன்றைக்கே வைத்தேன். கடல் வரைக்கும் போய்விட்டு அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடாமல் வருவதா? இளவரசியிடம் சொல்லி ஒரு ஐயரையும் ஏற்பாடு செய்யச் சொன்னேன். இதைப் பூரணத்திடம் சொன்னபோது கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு வேணாமே" என்றாள். "ஏன்?" என்றால், "ஒண்ணுமில்லைங்க."

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தாள். எதிர் மில்லில் போய் மாவு அரைத்து வந்தாள், தம்பி. எங்கள் மில்லு மூடிக் கிடக்கும்போது, என் சம்சாரம், எதிர் மில்லு வாசலில் டப்பாவோடு நின்றிருக்கிறாள். ஊர் பார்த்திருக்கிறது. "என்ன தலை போற அவசரம்? கடலுக்கு எதுக்கு மாவு?" என்று கத்தினேன். "கொண்டு போகணும்" என்றாள். எவர்சில்வர் டப்பா. அதை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். மேலே வைக்கச் சொன்னாலும் வைக்கவில்லை.

மெட்ராஸ் கோவளம். காலையில் போனோம். ஒரு ஆட்டோவில் மாப்பிள்ளையும் இளவரசியும். ஒரு ஆட்டோவில் நாங்கள் இரண்டு பேரும் ஐயரும். காரியம் முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. அவளும்தான் சாப்பிடவில்லை. ஆட்டோவை விட்டு இறங்கியவள் அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். படகு நிற்கிறது, வலை காய்கிறது, கடல் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

"லைட்ஹவுஸ் எங்கங்க?" என்றாள்.

"லைட்ஹவுஸ் எதுக்கு? மேல ஏறி நின்னு யாருக்கு வெளக்குக் காட்டப் போற?"

"இல்லைங்க. செவப்பும் வெள்ளையுமா, மிட்டாய் மாதிரி நிக்கும்னு சொன்னாங்களே."

யார் சொன்னது என்று கேட்பதற்குள் ஐயர் கூப்பிட்டுவிட்டார். போனேன். எள்ளு விட்டேன். முழுகி வந்தேன். அவள் டப்பாவோடு மணலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இது இல்லைங்க" என்றாள்.

"எது இல்ல?"

"இந்தக் கோவளம் இல்ல."

"கோவளத்துல என்னடி நைசு கோவளம், கொரகொர கோவளம்?" என்றேன். ஐயர் சிரித்தார். மாப்பிள்ளை சிரித்தார். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். வாய் அசைந்தது. அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

ரூம் நல்ல ரூம். ஜன்னலைத் திறந்தால் கடல். அவள் ஜன்னல் பக்கம் போகவேயில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு நாள் இருக்கலாம் என்று இளவரசி சொன்னாள். ஆனால் அன்றைக்கே மோட்டார் வந்துவிட்டது என்று போன். மறுநாள் கிளம்பிவிட்டோம். டப்பாவும் கூடவே திரும்பி வந்தது. அந்த மாவை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கோவளம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. ஆசை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். போய் வந்தாயிற்றே.

பங்குனி வந்தது. மிளகாய். உங்களுக்கு மிளகாய் அரைக்கிற மில்லுக்குள் நின்று பழக்கம் இருக்காது. நெடியில் கண்ணைத் திறக்க முடியாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் உள்ளே நிற்கிறேன். அவள் தராசில். வாசலில் ஏகப்பட்ட பேர். திரும்பிப் பார்த்தேன். முஷ்டியைத் திருகுகிறாள். நிறுத்து.

இது வழக்கம்தானே. நான் உள்ளங்கையைக் கவிழ்த்தேன். பொறு. மிளகாய் பாதியில் நின்றால் கல்லில் அப்பிக்கொள்ளும். மறுபடியும் திருகுகிறாள். அப்போதுதான் பார்த்தேன், இடது கை. இடது கையால் காட்டுகிறாள். இத்தனை பேர் நிற்கிறார்கள், புருஷனுக்கு இடது கையைக் காட்டுகிறாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை அப்படிச் செய்தது இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த மூட்டை முடிகிற வரைக்கும் அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நின்றேன்.

மூட்டை முடியவில்லை. ராக்கம்மா என்று ஒருத்தி, மிளகாய்க்கு வந்தவள், உள்ளே ஓடிவந்து ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள். என் மில்லில் என்னைத் தவிர யாரும் அந்தப் பொத்தானைத் தொட்டது கிடையாது. பெல்ட் ஓடி ஓடி நின்றது. நான் அவளை ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். "அண்ணே, மதினியைப் பாருண்ணே" என்றாள்.

தராசு மேல் சாய்ந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை தொங்கியது. இடது கை மட்டும் மடங்கி இருந்தது. முஷ்டி பிரியவில்லை.

எப்படித் தெரியும், சொல்லுங்கள். எப்போதும் காட்டுகிற சைகை. வலது கை விழுந்துவிட்டது என்று அதில் எழுதியிருக்கிறதா? டாக்டர் ஏதோ சொன்னார். விழுந்த உடனே கொண்டு வந்திருந்தால் என்று ஆரம்பித்தார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இளவரசி அதைக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து என்னோடு வேலைப் பேச்சு மட்டும்தான். மாத்திரை, டாக்சி, கஞ்சி.

மில்லை மூடிவிட்டேன். வீட்டில் அவளோடு இருந்தேன். பெண்கள் பார்க்க வருவார்கள். ஒருநாள் ராக்கம்மா வந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "எந்திரி மதினி. ஓமனா சிஸ்டர் ஊருக்குப் போகணும்னியே. லைட்ஹவுஸ் பாக்கணும்னியே" என்றாள்.

எந்த ஊருக்கு என்று கேட்டேன்.

ராக்கம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கோவளம்ணே. திருவனந்தபுரத்துக்கிட்ட. ஒனக்குத் தெரியாதா? சிஸ்டரு வீட்டு வாசல்ல நின்னா லைட்ஹவுஸ் தெரியுமாம். போறப்பக் கையப் புடிச்சுக்கிட்டு, சும்மா வா சேச்சி, ஒண்ணும் வேண்டாம், சும்மா வந்து இருன்னு சொல்லிட்டுல்ல போச்சு. ஒரு டப்பா புட்டு மாவு கொண்டாந்தா போதும்னு கேலி பண்ணுச்சு. மதினி அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, தம்பி. மீன் விற்கிறவளுக்குத் தெரியும். எதிர் மில்லுக்காரனுக்குக்கூடத் தெரியும், அவனிடம்தானே கொரகொரப்பாக அரைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் சொன்னவள் கட்டின புருஷனிடம் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இளவரசியிடம் இதைச் சொன்னேன். அவள் அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். "சொல்லியிருப்பாங்கப்பா" என்றாள். வாருவதை நிறுத்தவில்லை.

அதனால்தான் வந்தோம். இந்தத் தடவை எல்லாம் விசாரித்தேன். எந்தக் கோவளம், எந்த ஜில்லா, லைட்ஹவுஸ் என்ன நிறம், எல்லாம். நாளும் பார்க்கவில்லை. இன்றைக்கு அமாவாசை இல்லை, ஒன்றும் இல்லை. ஐயரும் இல்லை. மில்லைத் திறந்து நானே புட்டு மாவு அரைத்தேன். அரிசியை நனைத்து, நிழலில் உலர்த்தி, கொரகொரப்பாக. யாரும் சொல்லித் தரவில்லை. அவள் மடியில் இருக்கிறதே டப்பா, அது அதுதான்.

காலையில் அவளை இங்கே உட்கார வைத்துவிட்டு நான் லைட்ஹவுஸ் பக்கம் போய் ஓமனா நர்ஸ் வீடு எது என்று கேட்டேன். ஒரு டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. வீடு பூட்டிக் கிடக்கிறது. மகன் வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். போய் ரொம்ப நாள் ஆகவில்லையாம். போன ஆவணியில் இங்கேதான் இருந்திருக்கிறாள்.

வந்து பூரணத்திடம் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? "ஒஞ் சிஸ்டரு இல்ல. போயாச்சு. வீடு பூட்டியிருக்கு. ஆனா லைட்ஹவுஸ் இருக்கு. பாரு, செவப்பும் வெள்ளையும். இதுதான? இந்தக் கோவளம்தான?" கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் கண் எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் இளவரசி வந்து என்னை இங்கே அனுப்பினாள்.

ஒரு தலையாட்டல். அது போதும் எனக்கு. இந்தத் தடவை சரியான ஊருக்குத்தான் கூட்டி வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய வேண்டும். நான் வேறு என்ன கேட்டேன்? அவளும் கிடைத்த கோவளத்தில் சந்தோஷமாக இருந்திருக்கலாம். அந்தக் கோவளத்திலும் இதே தண்ணீர்தானே. ஆனால் வேண்டும் என்றாள். கொண்டு வந்துவிட்டேன். இனிமேல்...

என்ன?

அவள் கூப்பிடுகிறாளா, தம்பி? எங்கே?

ஆமாம். கையைத் தூக்கியிருக்கிறாள். காலையிலிருந்து அசையாத ஆள். பாருங்கள், முஷ்டியைத் திருகுகிறாள். சொன்னேனே, அதுதான். மோட்டாரை நிறுத்து.

இங்கே எந்த மோட்டார்? அலைதான் அடிக்கிறது. அதை யார் நிறுத்துவது?

பொறு.

பார்த்தீர்களா, என் கை அதுவாகக் கவிழ்கிறது. பழக்கம்.

மறுபடியும் திருகுகிறாள். இடது கை. இருக்கட்டும். அவளிடம் இருப்பது அதுதானே.

நான் பேசுவது அங்கே வரைக்கும் கேட்கிறதா, தம்பி? காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. மில்லுக்காரன், எனக்கு மெதுவாகப் பேச வராது. முதலிலிருந்து எல்லாமே கேட்டிருக்குமா?

நீங்கள் இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் வந்தால் நான் அங்கே போயிருக்கிறேன் என்று சொல்லுங்கள். கேள்வி கேட்கப் போகவில்லை என்று சொல்லுங்கள்.

வர்றேன், பூரணம். கையக் கீழ போடு, வலிக்கும்.

நிறுத்திட்டேன். சொல்லு.